கீழே நிற்பவர்

கிண்ணத்தில் இருந்த வெந்நீரை எடுத்துக்கொண்டு அவள் மறுபடியும் கதவை நோக்கி நடந்தாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாத்தனார் கிண்ணத்தைப் பார்த்தாள். அதிலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஆவி பறக்குது. அதுக்குள்ள மாத்தணுமா?" என்றாள் மிகவும் மெல்லிய குரலில்.

"ஆறிடுச்சுக்கா."

"கையை விட்டுப் பாரு. வெந்துடும்."

அவள் கையை விட்டுப் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய் நல்ல வெந்நீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அடுப்பில் வேறு தண்ணீர் வைத்தாள். தண்ணீர் சுடும்வரை அங்கே நிற்கலாம். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணமும் இருக்கும். காலையிலிருந்து இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

காலையில் வந்த நர்ஸ், கட்டிலில் கிடந்த அவள் கணவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்து, பாதங்களைத் தொட்டுப் பார்த்து, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கே முடிஞ்சுடலாம். கூட்டம் கூடிச் சத்தம் போட வேண்டாம். பக்கத்துல யாராவது ஒருத்தர் இருந்துட்டே இருங்க."

இதில் முதல் பாதியை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். அவள் அவருக்கு அக்கா. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் திருப்தி அடையாதவள், அதற்கு மேலும் ஒரு பங்கு செய்தால்தான் அவளுக்கு நிம்மதி. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். தொலைபேசிகளின் வாயை அடைத்தாள். மாடி வீட்டுக்குப் போய், நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைக்கும்படி சொல்லிவிட்டு வந்தாள். தேக்கரண்டியைக்கூடத் துணி விரித்து அதன்மேல்தான் வைக்க வேண்டும் என்று ஆயிற்று. காதில் பஞ்சு வைத்தாற்போல வீடு அடங்கிப் போனது.

நர்ஸ் சொன்ன மறுபாதி, அதாவது பக்கத்தில் ஒருவர் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது, அவளுக்கு உரியது. எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். மனைவி இருக்கும்போது வேறு யார் இருப்பது?

அவளுக்கு மனிதர்கள் சாவதைப் பார்க்கப் பயம். இந்த வயதில் வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய பயம் அல்ல அது. சிறுமியாக இருந்தபோது அப்பாவின் பக்கத்தில் படுத்திருந்தாள். அப்பாவின் மூச்சு ஒன்று உள்ளே போய் வெளியே வந்தது. அடுத்தது வரும் என்று காத்திருந்தாள். எவ்வளவு நேரம் அப்படிக் காத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த மௌனம் அவளுக்குள் எங்கோ தங்கிவிட்டது. அதன் பிறகு குடும்பத்தில் யாருக்குக் கடைசி நேரம் வந்தாலும் அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடும். தன் தாய் போனபோது மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் போனபோது பால் வாங்கப் போயிருந்தாள். பாவம், ஓடியாடி உழைக்கிறவள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மருத்துவமனையில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்ட அன்று, ஆம்புலன்சில் வரும்போது அவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எனக்குன்னு வர்றப்போ துணி காயப் போடப் போயிடாத."

"என்ன பேச்சு இது?"

"மழைக்காலம் வேற. காயாது."

அவள் தலையாட்டினாள். ஆட்டிய தலை ஆட்டியதுதான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை.

அவர் கிரேன் ஓட்டியவர். கட்டடம் கட்டும் இடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஒற்றைக் காலில் நிற்குமே, அந்தக் கிரேன். நகரத்தில் எந்த உயர்ந்த கட்டடத்தைக் காட்டினாலும், அதைவிட உயரத்தில் உட்கார்ந்து அவர் அதைக் குனிந்து பார்த்திருக்கிறார். காலையில் ஏணியில் ஏறினால் மாலையில்தான் இறக்கம். நடுவில் காற்றும் அவரும்தான். அப்படிப்பட்டவர் இப்போது முன்னறையில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். அந்தக் கட்டில் படுக்கையறைக் கதவில் நுழையவில்லை. கட்டிலின் இருபுறமும் விழாமலிருக்க இரும்புக் கம்பி. நேற்று மாலையிலிருந்து அந்தக் கம்பிகளை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கண் திறக்கவில்லை. பேச்சு இல்லை. விரலைப் பிரித்து எடுக்கப் போனால் பிடி இன்னும் இறுகியது. கணுக்கள் வெளுத்திருந்தன.

"பயமா இருக்கும். சிலருக்கு இப்படி வரும்," என்றிருந்தாள் நர்ஸ்.

நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. நர்ஸ் படியிறங்கும்வரை காத்திருந்து சொன்னாள்: "பயமா? இவனுக்கா? மேகத்துக்குள்ள உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவன். அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்."

ஆனால் சொல்லிவிட்டுத் தம்பியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கே பயம் என்றால் என் கதி என்ன என்று அவள் நினைத்தாள். நினைத்துவிட்டுத்தான் கிண்ணத்தை எடுத்தாள்.

நண்பகலுக்குச் சற்று முன்பு பாஸ்டர் வந்தார். உள்ளே நுழைந்ததுமே நாத்தனார் உதட்டில் விரல் வைத்துக் காட்டியதால், அவர் தன் வழக்கமான குரலைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டு வந்தவர்போல மெல்லப் பேசினார். பாஸ்டருக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. பல வருடங்களுக்கு முன்பு ஆலயத்தில் தன் விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி அவரை வற்புறுத்தி எழுப்பிவிட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "சுமை போய் இறங்குற இடம் பல நேரம் என் கண்ணுக்குத் தெரியாது. கீழ நிக்கிறவர் குரல்தான் தெரியும். பார்க்காம நம்புறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை அதையே இங்க வந்து சும்மா பண்றேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சபை சிரித்தது. பாஸ்டர் அதை வருடத்துக்கு ஒரு பிரசங்கத்திலாவது சேர்த்துவிடுவார். ஒவ்வொரு முறையும் அவள் கணவர் அவள் காதருகே குனிந்து, "இதுக்கு நான் பங்கு கேட்கணும்," என்பார்.

வீட்டில் மாலை ஜெபம் அவர் வேலை. அவர் நாலு வரி சொல்வார், அவள் ஆமென் என்பாள். அவளுக்கு வாய்விட்டு ஜெபிக்க வராது. கல்யாணமான புதிதில் பெண்கள் கூட்டத்தில் அவளை ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றாள். தொடங்கியது சரியாகத்தான் தொடங்கியது. நடுவில் வார்த்தை அடைத்துக்கொண்டது. எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதிப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது: "இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி." அந்தக் கூட்டத்தில் நாத்தனாரும் இருந்தாள். அன்று முதல் நாத்தனாருக்கு அவள் மாணவிதான். அதன் பிறகு அவள் யார் முன்னாலும் ஜெபித்ததில்லை.

பாஸ்டர் கட்டிலின் தலைமாட்டில் நின்று ஜெபிக்கத் தொடங்கினார். அவள் கிண்ணத்தோடு கதவருகே நின்றாள். கண்ணை மூட வேண்டும் என்று தெரியும். மூடப் பயமாக இருந்ததால் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபம் போய்க்கொண்டிருந்தது. வலது கையின் கட்டைவிரல் கம்பியிலிருந்து மெல்ல எழுந்தது. பிறகு ஆட்காட்டி விரல் தளர்ந்தது. பாஸ்டர் ஆமென் என்றார். அறை அமைதியானது. விரல்கள் திரும்பிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டன.

பிறகு பாஸ்டர் குடும்பத்தாருக்காக ஒரு ஜெபம் செய்தார். மறுபடியும் அப்படியே ஆயிற்று. தளர்ந்தது, ஆமென் வந்தது, இறுகியது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் மட்டும் சமையலறையில் கேட்டாள்: "ஆமென் சொன்னதும் அப்பா கையைப் பார்த்தியா?"

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். விடுப்பு எடுத்து வந்திருந்தாள். "நான் கண்ணை மூடியிருந்தேம்மா," என்றாள். "நீ மூடலையா?"

பாஸ்டர் போன பிறகு ரேடியோ வந்தார். அது அவருடைய பெயர் அல்ல. கிரேனுக்குக் கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்லும் சிக்னல்காரர் அவர். இத்தனை வருடமும் அவள் கணவருக்கு வழி சொன்ன குரல். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் வாய் நிற்காது என்பதால் அந்தப் பெயர் வந்தது. அப்படிப்பட்டவர் நாத்தனாரின் விரலுக்குக் கட்டுப்பட்டு, தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடிக் கட்டிலருகே நின்றார். அந்தத் தோற்றத்தில் அவரைப் பார்ப்பது யாருக்கும் புதிது. கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்திருந்த கைகளையே உற்றுப் பார்த்தார். பிறகு நுனிக்காலில் நடந்து சமையலறைக்கு வந்துவிட்டார்.

"அண்ணி, அண்ணன் ரெண்டு கையையும் எங்க வெச்சிருக்காரு, பார்த்தீங்களா?"

"கம்பியில. நேத்துலேருந்து விடமாட்டேங்குறாரு."

"கம்பி இல்ல அண்ணி அது. கிரேன் சீட்டுல உட்கார்ந்தா ரெண்டு பக்கமும் ரெண்டு பிடி இருக்கும். இடது கை சுத்துறதுக்கு, வலது கை தூக்குறதுக்கு, இறக்குறதுக்கு. அந்த இடத்துலதான் வெச்சிருக்காரு." ரேடியோ தன் கைகளை நீட்டிக் காட்டினார். "கையில சுமையோட நிக்கிறப்போ இப்படித்தான் பிடிப்பாரு. நான் கேபினுக்குப் போயிருக்கேன், பார்த்திருக்கேன்."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஏன் நிக்கணும்?"

"நான் பேச்சை நிறுத்தினா நிப்பாரு. அது சட்டம் அண்ணி. கட்டடத்துக்கு அந்தப் பக்கம் இறக்குறப்போ அவருக்கு ஒண்ணுமே தெரியாது, சுவர்தான் தெரியும். நான் பேசிட்டே இருக்கணும். இறக்கு, இறக்கு, இறக்குன்னு சொல்லிட்டே இருக்கணும். குரல் நின்னா கை நிக்கணும். எதுக்கு நின்னுச்சுன்னு அவருக்குத் தெரியாதே. ஆள் குறுக்க வந்திருக்கலாம், நான் மயங்கி விழுந்திருக்கலாம்." ரேடியோவுக்குப் பேச்சு வந்துவிட்டது; அதை அடக்கி மெதுவாகச் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. "ஒரு தடவை தும்மல் வந்துடுச்சு. அடுக்குத் தும்மல். அவ்வளவு பெரிய கான்கிரீட் பலகை அந்தரத்துல அப்படியே நிக்குது. கீழ எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறாங்க. நான் மூக்கைத் துடைச்சிட்டு, இறக்குங்கண்ணேன்னு சொன்ன பிறகுதான் அசைச்சாரு. சாயங்காலம் இறங்கி வந்து, மிளகுப்பொடி விக்கிறவனை எல்லாம் எனக்குக் கீழ நிக்க வெச்சிருக்காங்களேன்னாரு."

அவள் சிரிக்கவில்லை. முன்னறையின் பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு சத்தமும் இல்லை. கடிகாரம்கூட இல்லை.

"காலையிலேருந்து இந்த வீட்டுல யாரும் பேசல," என்றாள்.

ரேடியோவும் முன்னறையின் பக்கம் திரும்பினார். முகம் மாறியது.

"நீங்க போய்ப் பேசுங்க தம்பி. உங்க குரல்தான் அவருக்குப் பழக்கம். இறக்கச் சொல்லுங்க."

ரேடியோ போனார். நாத்தனார் விரலைத் தூக்குவதற்குள் கட்டிலருகே குனிந்தார். "அண்ணே," என்றார். வலது கை கொஞ்சம் அசைந்தது. "அண்ணே," என்றார் மறுபடியும். அதற்கு மேல் போகவில்லை. தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குத் திரும்பி வந்து, குளிர்ப்பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார்.

"முடியல அண்ணி. இறங்குற இடம் என் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே நான் சொல்ல முடியும். அந்த இடத்தை நான் பார்த்ததில்லையே."

"நானும்தான் பார்த்ததில்ல."

"பார்க்காம எப்படிச் சொல்றது?"

அவள் அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கினாள். இறக்கிவிட்டுக் கேட்டாள்: "உங்களுக்கே தெரியாத இடத்துல இறக்கினதே இல்லையா?"

ரேடியோ மூக்கை உறிஞ்சினார். "அடித்தளக் குழி இருக்கும். எனக்கே எட்டாது. குழிக்குள்ள ஒருத்தர் நிப்பாரு. அவரு எனக்குச் சொல்லுவாரு, நான் அண்ணனுக்குச் சொல்லுவேன். நடுவுல நான் வெறும் வாய்தான். கீழ நிக்கிறவரை நம்பிச் சொல்றதுதான்." நிறுத்திவிட்டு, பழக்கத்தினால் வேலையை முழுவதும் சொல்லி முடித்தார்: "தரை தட்டினதும் வாயை மூடிடக் கூடாது. கட்டு தளரணும், கொக்கி கழலணும். அது வரைக்கும் பேசணும்."

அவள் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். முன்னறைக்குப் போய்க் கிண்ணத்தை முக்காலியில் வைத்துவிட்டு, கட்டிலின் வலது பக்கம் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஆண்டவரே," என்றாள் சாதாரணக் குரலில்.

அந்த வீட்டில் அது கத்தியதுபோல் கேட்டது. நாத்தனார் நிமிர்ந்தாள். மகள் கதவருகே வந்து நின்றாள்.

அடுத்த வார்த்தை வரவில்லை. அன்றைக்குப் போலவே அடைத்துக்கொண்டது. அவருடைய கை கம்பியில் காத்திருந்தது. அவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆண்டவரே, கீழ நீங்க நிக்கிறீங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. எனக்குப் பயமா இருக்கு, அது உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க. நான் அவருக்குச் சொல்றேன்." பிறகு அவர் பக்கம் குனிந்தாள். "என்னங்க. நான்தான். இறக்குங்க. மெதுவா இறக்குங்க. இடம் இருக்கு. இறக்குங்க."

"அம்மா, சத்தம் போடக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்களே," என்றாள் மகள்.

"மேல போறவனைப் பிடிச்சு இறக்கு இறக்குங்கிறாளே," என்றாள் நாத்தனார் பொதுவாக.

அவள் நிறுத்தவில்லை. நிறுத்தாமல் இருப்பதற்காகவே அவர்களுக்குப் பதில் சொல்லவும் இல்லை. அவருடைய கட்டைவிரல் எழுந்தது.

மகள் நர்ஸுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தாள். பேசலாமாம், காதில் விழுமாம், கூட்டம்தான் கூடாது என்றாளாம். நாத்தனார் அதைக் கேட்டு, பேட்டரி இல்லாத கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள்.

ஜெபமாகப் பேசுவதற்கு அவளிடம் இருந்தது சீக்கிரமே தீர்ந்துவிட்டது. தெரிந்தவர்கள் எல்லோருக்காகவும் கேட்டாயிற்று. பிறகு வீட்டில் உள்ளதை ஆண்டவருக்குச் சொல்லத் தொடங்கினாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, இவர் சரிசெய்கிறேன் என்று சொல்லி எத்தனை மாதம் ஆகிறது என்று உமக்கே தெரியும் ஆண்டவரே. மகளுக்குக் கோபம் அதிகம், அது அவள் அத்தை வழி. இவர் என்னை ஒரு தடவை கிரேனில் ஏற்றிக் காட்டுகிறேன் என்றார். நான் இரண்டு படி ஏறி இறங்கிவிட்டேன், அதை இவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் குனிந்து, "இறக்குங்க, இடம் இருக்கு, அவர் நிக்கிறாரு," என்றாள். எது ஆண்டவருக்கு, எது அவருக்கு என்ற வேறுபாடு போகப் போகக் குறைந்தது. ரேடியோ கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சில இடங்களில் தலையை ஆட்டினார்.

அவருடைய மூச்சு மாறியது. ஒன்று வரும். பிறகு வராது. பிறகு வரும். அவள் பிள்ளைப் பிராயத்திலிருந்து எதைக் கண்டு ஓடினாளோ அந்த இடைவெளி இதுதான். ஆனால் இடைவெளியிலும் அவள் பேச வேண்டியிருந்தது. பேசிக்கொண்டிருந்ததால் அது எவ்வளவு நீளம் என்று பார்க்க முடியவில்லை. அது வந்தது, அவள் குரல் அதற்கு மேல் நடந்து அந்தப் பக்கம் போனது, மூச்சும் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அதற்காகப் பயப்பட வேண்டும் என்பதையே மறந்து, அடுத்த மழை வருவதற்குள் சுவர் விரிசலைப் பூச வேண்டும் என்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு கட்டத்தில் தொண்டை வறண்டு இருமல் வந்துவிட்டது. இருமலுக்கு நடுவே பேசப் பார்த்தாள், முடியவில்லை. அவருடைய விரல்கள் கம்பியைப் பிடித்தன.

நாத்தனார் அதைப் பார்த்தாள். எழுந்து கட்டிலின் இடது பக்கம் வந்தாள்.

"டேய்," என்றாள். குரல் கரகரத்தது. "டேய், நான் அக்காடா. அவளுக்கு இருமல், வேற ஒண்ணும் இல்ல. நீ நிக்காத. இறக்கு. சின்ன வயசுல கூரை மேல ஏறிக்கிட்டு இறங்க மாட்டேன்னு நின்னியே, அப்பவும் நான்தான் கீழ நின்னேன். இறங்குடா. இறங்கு. ஆண்டவர் பார்த்துட்டிருக்காரு, மானத்தை வாங்காத."

மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடித்தாள். அவர் பிடி தளர்ந்தது. நாத்தனார் இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டு, டம்ளர் காலியானதும், "ம், பிடி மாணவி," என்று அவளிடம் விட்டாள். ஆனால் நாற்காலிக்குத் திரும்பிப் போகவில்லை. அங்கேயே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஜன்னலில் இருந்த வெயில் சுவருக்கு ஏறி, அங்கிருந்தும் போய்விட்டது. எதிர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நாத்தனார் எழுந்து போய்க் கண்டிக்கவில்லை.

ஒரு மூச்சு வெளியே வந்தது. அவள் பேசினாள். இடைவெளி வந்தது. அவள் பேசினாள். நாத்தனார் குனிந்து தம்பியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். விரலை எடுத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மகள் வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"அம்மா. போதும்மா."

அவள் தலையை மட்டும் அசைத்தாள். குரலை நிறுத்தவில்லை.

"தரை தட்டிடுச்சுங்க. ஆனா இருங்க. கட்டு தளரட்டும். நல்லா உட்காரட்டும். ம், சரியா உட்கார்ந்திருக்கு. ஆண்டவர் கைதான், வேற இல்ல. இருங்க, கொக்கியை எடுக்கிறேன்."

கம்பியில் இருந்த அவருடைய கையை எடுத்தாள். கட்டைவிரல் ஏற்கெனவே விலகியிருந்தது. மற்ற விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இப்போது எதுவும் எதிர்க்கவில்லை. கையைப் போர்வையின் மேல் வைத்தாள். எழுந்து அந்தப் பக்கம் சுற்றிப் போனாள். நாத்தனார் நகர்ந்து வழிவிட்டாள். இடது கையையும் அப்படியே எடுத்து வைத்தாள். நிமிர்ந்து, கதவுப் பக்கம் பார்த்தாள். ரேடியோ எழுந்து நின்றிருந்தார். வேலையிடத்தில் சுமை இறங்கியதும் செய்வதுபோல ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே விட்டார்.

"அவ்வளவுதான் ஆண்டவரே," என்றாள்.

"ஆமென்," என்றாள் நாத்தனார்.

எதிர் வீட்டில் குழாயை மூடினார்கள்.

சற்றுப் பொறுத்து அவள் தோளிலிருந்த துண்டை எடுத்து முக்காலிப் பக்கம் திரும்பினாள். கிண்ணத்தில் தண்ணீர் எப்போதோ ஆறிப் போயிருந்தது.

"சூடா வேற கொண்டு வரட்டுமா?" என்று கேட்டாள் மகள்.

"இதுவே போதும்," என்றாள் அவள். துண்டை அதில் நனைத்துப் பிழிந்தாள். கட்டிலின் கம்பியைக் கீழே இறக்கிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.